டீச்சர் வீட்டு ஆந்தூரியம்

என் அத்தான் அருள்நாதன் முப்பத்தெட்டு வருடமாக ஜங்கிலிகாட் மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர். பிடிக்கிறவரும் இல்லை, விற்கிறவரும் இல்லை, வெட்டுகிறவர். நீங்கள் எந்தக் கடையில் மீன் வாங்கினாலும் சரி, அவர் பலகைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால் செதில் சுரண்டி, குடல் எடுத்து, குழம்புக்கா வறுவலுக்கா என்று கேட்டு, அதற்குத் தோதான துண்டாகப் போட்டுக் கொடுப்பார். பெங்காலிக்காரர்களிடம் இந்தியில் கேட்பார். தெலுங்குக்காரர்களிடமும் இந்தியில் கேட்பார். தமிழ்க்காரர்களிடம் கூடப் பாதி நாள் மறந்துபோய் இந்தியில்தான் கேட்பார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒருவர் மீனை வெட்டிப் பையில் போட்டுக் கையில் கொடுத்த பிறகுதான் அடுத்தவர் மீனைத் தொடுவார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யார் எவ்வளவு கத்தினாலும் ரெண்டு பேர் மீனைப் பலகையில் சேர்த்து வைக்க மாட்டார். "உங்க மீனு உங்களுக்குத்தான் வரணும்" என்பார். ஒரே அளவில், ஒரே வலையில் விழுந்த ரெண்டு சூரை மீனில் எது யாருடையது என்று கடவுளுக்கே தெரியாது. அத்தானுக்குத் தெரியும். நான் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் காத்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மனிதர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து பத்தொன்பது வயதில் அந்தமானுக்குக் கப்பல் ஏறி வந்தவர். போட்டில் வேலை பார்த்தார். வலைக் கயிறு இடது கை ஆள்காட்டி விரலின் நுனியைக் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு கரையில் உட்கார்ந்துவிட்டார். என் அக்காள் கிளாராவைக் கட்டினார். கூடவே நானும் வந்து சேர்ந்தேன். பெயர் வின்சென்ட். போர்ட் பிளேருக்கு இப்போது புதுப் பெயர் வைத்துவிட்டார்கள் என்றாலும் என் ஆட்டோவில் ஏறுகிற யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீடுகள் புரோத்ராபூரில், ஒரே வளாகத்தில் முன்னும் பின்னுமாக இருக்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சொக்கலிங்கம் சாரும் விசாலாட்சி டீச்சரும். சார் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் கணக்கு டீச்சர். திருநெல்வேலிக்காரர்கள், சுத்த சைவம். அப்படிப்பட்டவர்களுக்கு மீன் வெட்டுகிறவன் பக்கத்து வீடு அமைந்தால் என்ன ஆகும்? குடிவந்த முதல் மூன்று வருடம் டீச்சர் எங்கள் பக்கத்து ஜன்னலைத் திறந்ததே இல்லை. போதாக்குறைக்கு அத்தானின் நாய் மோட்டு. இந்தியில் மோட்டு என்றால் குண்டன். மீன் தலையாகத் தின்று வளர்ந்ததில் அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்காமல் இருந்தான். சார் காலை நடைக்குக் கிளம்பும்போதெல்லாம் கேட் வரைக்கும் வந்து குரைத்து வழியனுப்புவான்.

போன ஏப்ரலில் ஒரு மத்தியானம் சாருக்கு நெஞ்சு வலி வந்தது. டீச்சர் போட்ட சத்தத்தில் அத்தான் சுவரேறிக் குதித்து, சாரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து என் ஆட்டோவில் போட்டார். சாரின் தலை அத்தானின் மடியில். மீன் செதில் ஒட்டிய சட்டை. ஆஸ்பத்திரி போகும் வரை சார் அந்தச் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே வந்தார். அதற்கடுத்த வாரம் ஜன்னல் திறந்துவிட்டது.

சென்னையில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. ஜூன் மாதம் கிளம்பினார்கள். மெயின்லேண்ட் போகிறவர்கள் சாவியையும் செடிகளையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் ஊர்ப் பழக்கம். சாவியை அக்காளிடம் கொடுத்தார்கள். செடியை டீச்சரே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அத்தானிடம் கொடுத்தார். ஒரே ஒரு தொட்டி. அதில் ஒரு ஆந்தூரியம். பன்னிரண்டு வருடச் செடி. பாக்கு மட்டை போல வழவழப்பான பச்சை இலைகள், நடுவில் குங்குமச் சிவப்பில் பூக்கள். சாருக்கு அதுதான் உயிர். தினமும் காலையில் காபி டம்ளரோடு வந்து பூக்களை எண்ணுவார். எண்ணி முடித்தால்தான் காபி உள்ளே இறங்கும்.

"ஏழு பூ இருக்கு அருள்நாதன். திரும்பி வந்து எண்ணிப் பாப்பேன்" என்று சார் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஆபரேஷனுக்குப் போகிறவர் சொன்ன வார்த்தை. அத்தான் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

டீச்சர் மட்டும் கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்கிடாதீங்க. இதுக்கு மீன் தண்ணி மட்டும் வேண்டாம்" என்றார். அத்தான் தலையைத் தலையை ஆட்டினார்.

ஆட்டின தலைக்குள்ளே வேறு கணக்கு ஓடியிருக்கிறது. எங்கள் ஆட்கள் மீன் கழுவின தண்ணீரைச் சும்மா கொட்ட மாட்டோம். முருங்கைக்கோ வாழைக்கோ ஊற்றுவோம். ஊற்றின மரம் எப்படிக் காய்க்கிறது என்று எங்களுக்குத் தெரியும். டீச்சர் சைவமாக இருக்கலாம், செடிக்கு என்ன சைவம் என்று அத்தான் யோசித்தார். சார் வரும்போது ஏழு பூவைப் பத்துப் பூவாக்கிக் காட்டிவிடலாம் என்று ஆசைப்பட்டார். நாலு நாளைக்கு ஒரு முறை மார்க்கெட்டிலிருந்து கேனில் கொண்டுவந்து ஊற்றினார். மூன்றாவது முறை தண்ணீரோடு கொஞ்சம் குடலும் போயிருக்கிறது. உரம்தானே என்று இருந்துவிட்டார்.

ஜூலை முதல் வாரம். அக்காள் மாதா கோயில் கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால் தொட்டி குப்புறக் கிடக்கிறது. மண் வாசல் முழுக்க. ஏழு பூவில் ஒன்று கூட முழுசாக இல்லை. இலைகள் கிழிந்து நாராகத் தொங்கின. மோட்டு நடுவில் உட்கார்ந்து தலையை உதறிக்கொண்டிருந்தான்.

அத்தான் வந்தார், பார்த்தார், விளக்குமாற்றை எடுத்து நாயை ஒரே ஒரு அடி வைத்தார். ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் அடி. பிறகு செடியை அள்ளி அதே மண்ணில் அமுக்கி வைத்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சாருக்கு இன்னும் ஆபரேஷன் கூட ஆகல வின்சென்ட்டு" என்றார். "அதுக்குள்ள இதப் போயி இப்படி..." அவர் பயம் எனக்குப் புரிந்தது. செடி பட்டுப்போய்விட்டால் சாருக்கு ஏதோ ஆகிவிடும் என்று மனிதர் நம்ப ஆரம்பித்துவிட்டார். கோயிலில் கேட்டால் அதெல்லாம் மூடநம்பிக்கை என்பார்கள். ஆனால் பயம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டா வருகிறது?

மோட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. வாயில் எச்சில் வடிய மூலையில் படுத்துக் கிடந்தான். மீன் தலையை மூக்குக்குக் கீழே வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அடிச்சுட்டேன்லா, ரோசம்" என்றார் அத்தான்.

அதோடு விட்டாரா? அடிபட்ட செடிக்குச் சத்து வேண்டும், நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது போல என்று சொல்லி, முன்னைவிட இரண்டு பங்கு மீன் தண்ணீர். மழையும் விடாமல் அடித்தது. பத்தாம் நாள் மோட்டு மறுபடியும் தொட்டியைத் தோண்டிவிட்டான். இந்தத் தடவை ஒரு விசித்திரம். இருந்த இலைகளில் ஒரு பல் கூடப் படவில்லை. வேரை மட்டும் கிளறி வெளியே போட்டிருந்தான். வேரெல்லாம் கறுத்து, பிடித்தால் கையோடு வந்தது. அத்தான் நாயைப் பின்பக்கம் பலா மரத்தில் கட்டினார்.

நான் ஒரு நல்ல யோசனை சொன்னேன். இப்போதும் அது நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன். சௌல்தாரியில் தமிழரசி என்று ஒரு பெண் நர்சரி வைத்திருக்கிறாள். இதே சிவப்பு ஆந்தூரியம் இருபது தொட்டி இருக்கும். ஒன்றை வாங்கி டீச்சர் தொட்டியில் வைத்துவிட்டால் கதை முடிந்தது.

அத்தான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் யார் மீனையோ யார் பையிலோ போட்டுவிட்ட மாதிரி.

"அவங்க செடி அவங்களுக்குத்தான் போவணும்ல" என்றார்.

"செத்த செடியவா அத்தான்?"

"இன்னும் சாவல. வண்டிய எடு."

கொட்டுகிற மழையில் சௌல்தாரிக்குப் போனோம். அத்தான் பின் சீட்டில், தொட்டி அவர் மடியில். ஏப்ரலில் சாரைக் கொண்டுபோனபோது உட்கார்ந்த அதே இடம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "அரே, தீரே தீரே" என்று, மெதுவாகப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தார்.

தமிழரசி செடியைப் பார்க்கவே இல்லை. முதலில் மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள். முகம் சுளித்தது.

"அண்ணா, இதுல என்ன மீனு?"

"சூரை" என்றார் அத்தான். பொய் சொல்ல வராது.

"வீட்ல நாய் இருக்கா?"

அவர் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, "நீங்களே நாய்க்கு விருந்து வச்சிட்டு நீங்களே அத அடிச்சீங்களா?" என்றாள். "தொட்டிக்குள்ள மீன் குடல் கெடந்தா எந்த நாய்தான் சும்மா இருக்கும்? இது மண்ணு வேண்டாத செடிண்ணா. வேருக்குக் காத்து வேணும். இந்த மழைக்கு, இந்த மண்ணுல, இந்த மீனும் சேந்து அழுவிப்போச்சு."

"ரெண்டாவது தடவை ஏன் இலையத் தொடல?" என்று கேட்டார் அத்தான். அந்த விஷயம் அவருக்குள் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"இந்த இலை வாயில பட்டா ஊசியால குத்துன மாதிரி எரியும். மொத தடவை கடிச்சுப் பாத்துருக்கு. வாய் வெந்துருக்கும். ரெண்டு நாள் சாப்பிட்டுருக்காதே?"

ரோசம் என்று நினைத்தாரே, அது ரோசம் இல்லை. வாய் வெந்து கிடந்த நாயை விளக்குமாற்றால் வேறு அடித்திருக்கிறார். திரும்பி வரும் வழி முழுக்க, தீரே தீரே கூடச் சொல்லாமல் தொட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் முதலில் பின்பக்கம் போய் மோட்டுவின் வாயைத் திறந்து பார்த்தார். ஆறிவிட்டிருந்தது. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். நான் பார்க்காத மாதிரி ஆட்டோவைத் துடைத்தேன்.

அதன் பிறகு நடந்தது முழுக்க முழுக்கத் தமிழரசி சொன்னபடி. செடியை வெளியே எடுத்து, வேரை நல்ல தண்ணீரில் மீன் வாசம் போகும் வரை அலசினார். கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தார். கறுத்த வேர்களை ஒவ்வொன்றாக வெட்டினார். அங்கேதான் நான் என் அத்தானின் கைவேலையை முதல் முறையாகச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வருடம் மீன் முள்ளுக்கும் சதைக்கும் நடுவில் ஓடின கை. அழுகினது எங்கே முடிகிறது, நல்லது எங்கே தொடங்குகிறது என்று அந்தக் குட்டை விரலால் தடவிப் பார்த்து, ஒரு வெள்ளை வேர் கூடச் சேதமாகாமல் வெட்டி எடுத்தார். கிழிந்த இலைகளையும் காம்போடு நறுக்கினார். கடைசியில் மிஞ்சியது ஒரு அடித்தண்டு, எட்டு வேர், அரை மஞ்சளாக ஒரே ஒரு இலை.

மண்ணுக்குப் பதில் தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, உடைத்த செங்கல். தொட்டிக்கு உறி மாதிரி வலைக் கயிறு கட்டி, மழையும் வெயிலும் நேரே படாத இடமாகப் பார்த்து உத்திரத்தில் தொங்கவிட்டார். உரம் எதுவும் கூடாது, புது இலை வருகிற வரைக்கும் வெறும் தண்ணீர்தான். மார்க்கெட்டிலிருந்து வந்தால் குளித்து, எலுமிச்சம்பழத்தைக் கையில் தேய்த்துக் கழுவிய பிறகுதான் செடி பக்கமே போவார். "என்னக் கட்டி இத்தன வருசத்துல எனக்காக ஒரு நாளு எலுமிச்சம்பழம் தேச்சிருப்பாவளா, கேட்டுச் சொல்லு தம்பி" என்று அக்காள் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தாள்.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் டீச்சரிடமிருந்து போன் வரும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சார் உட்கார்ந்தார். சார் நாலடி நடந்தார். எல்லாம் நல்ல சேதிதான். ஆனால் போனை வைப்பதற்கு முன்னால் டீச்சர் தவறாமல் ஒன்று கேட்பார்.

"மோட்டு எப்படி இருக்கான்?"

அத்தானுக்கு வியர்த்துவிடும். "நல்லா... நல்லா இருக்கான் டீச்சர்" என்று அவர் இழுக்கிற இழுப்பிலேயே ஊருக்கே தெரிந்துவிடும் ஏதோ இருக்கிறது என்று. செடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். போன் கட்டாகும்.

"தெரிஞ்சுபோச்சு" என்பார் அத்தான். "செடியக் கேக்காம நாயக் கேக்காவ பாத்தியா? நீதான் சொல்லியிருக்க."

"நான் எதுக்கு அத்தான் சொல்லுதேன்?"

"ஒன் ஆட்டோவுக்கு ஹாரனே வேண்டாம்ல, ஒன் வாயே போதும்."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று அக்காள் கேட்டதற்கு, நெஞ்சைப் பிளந்து தைத்த மனிதருக்கு இந்தச் சேதியைப் போனில் சொல்வதா என்று கத்தினார். அதுவும் நியாயம்தான்.

ஆகஸ்டில் அந்த ஒரு இலையும் முழு மஞ்சளாகத் தொடங்கியது. அத்தான் சரியாகச் சாப்பிடவில்லை. மார்க்கெட்டில் குழம்புக்குக் கேட்டவருக்கு வறுவல் துண்டு போட்டார். முப்பத்தெட்டு வருடத்தில் நடக்காதது.

மாதக் கடைசியில் ஒரு விடிகாலை. கதவை இடிக்கிற சத்தம். திறந்தால் அத்தான், லுங்கியோடு.

"ஏல, வா. வந்து பாரு. எனக்கு மட்டும் தெரியுதா, நெசமாவே இருக்கான்னு பாத்துச் சொல்லு."

உறிக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏற்றிவிட்டார். அடித்தண்டின் ஓரத்தில் அரிசி முளை அளவுக்கு ஒரு கூர். பழுப்புச் சிவப்பில், மினுமினுவென்று.

"இருக்கு அத்தான்" என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"இருக்கு. இலைதான்."

அவர் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். கண்ணைத் துடைத்தார். மறுபடியும் சிரித்தார். இரண்டு மாதமாக எங்கள் எல்லோர் தலைமேலும் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. அக்காள் காலையிலேயே பாயசம் வைத்தாள். மோட்டுவுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.

செப்டம்பர் நடுவில் அவர்கள் வந்தார்கள். ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்தது நான்தான். சார் இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் தெளிச்சி. டீச்சர்தான் சரியில்லை. துணிப்பை ஒன்றை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. போச்சு, அத்தானுக்கு இன்றைக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தான் கேட்டில் நின்றார். குளித்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, கையில் தொட்டியோடு. மூன்று இலை. ஒன்று மஞ்சள், ஒன்று கை அகலத்துக்கு விரிந்தது, ஒன்று இன்னும் சுருள். மோட்டுவை எதற்கு வம்பு என்று பலா மரத்திலேயே கட்டியிருந்தார்.

டீச்சர் இறங்கினார். தொட்டியைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அருள்நாதன், மோட்டு எங்க?"

அவ்வளவுதான், அத்தான் உடைந்துவிட்டார். "டீச்சர், அது வாயில்லா ஜீவன் டீச்சர். தப்பு என்னுது. நீங்க வேண்டாம்னு சொல்லியும் மீன் தண்ணி ஊத்துனேன். அந்த வாசத்துக்குத்தான் அது வந்து இலையக் கடிச்சிட்டு..."

டீச்சர் அப்படியே என் ஆட்டோவின் படியில் உட்கார்ந்துவிட்டார். "கடிச்சுட்டானா? எனக்குத் தெரியும். எனக்கு அப்பவே தெரியும்" என்று அழத் தொடங்கினார். "என்னைக்குப் போச்சு?"

"பூவா டீச்சர்? ஜூலை..."

"பூவ யாரு கேட்டா! மோட்டு. மோட்டு என்னைக்குச் செத்தான்?"

அத்தான் திருதிருவென்று விழித்தார். நான்தான் ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். இரண்டு மாதம் பலா மரத்தடியில் குரைக்காமல் சேர்த்து வைத்ததையெல்லாம் சாரைப் பார்த்ததும் ஒரே மூச்சில் குரைத்துக்கொண்டு ஓடி வந்தான் மோட்டு. சார் சிரித்தார், சிரித்தால் தையல் இழுக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். சாரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்று, வெளியே உட்கார்ந்திருந்த டீச்சர் மனதைத் திருப்புவதற்காகப் போனில் தன் செடியைப் பற்றிப் படித்திருக்கிறார். இலை நாய்க்கு விஷம் என்று போட்டிருந்ததாம். நாய் இருக்கிற வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோமே என்று அங்கேயே பதறியிருக்கிறார். நேராகக் கேட்கப் பயம். அதனால் மோட்டு எப்படி இருக்கான் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"நீங்க இழுத்து இழுத்துப் பதில் சொன்னீங்க. மொத ரெண்டு வாரம் போன் பண்ணப்ப பின்னால அவன் குரைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒரு நாளு கூடக் கேக்கல. சாருக்கு ஒடம்பு சரியில்லாத நேரம்னு எங்கிட்ட மறைக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார். "இவுங்க உயிரக் காப்பாத்துன மனுசனோட நாயக் கொன்னுட்டோமேன்னு இத்தன நாளாத் தூக்கமில்ல அருள்நாதன்."

"அந்தக் கேள்விக்குத்தான் டீச்சர் வாராவாரம் எனக்கு உயிரே போச்சு" என்றார் அத்தான்.

சார் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் தொட்டியை உயர்த்திப் பிடித்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "பூ ஒண்ணும் இல்ல. இலை மூணு" என்றார். பிறகு, "ஒடம்பு தேறுற வரைக்கும் எண்ணுறதுக்குச் சுலபமா வச்சிருக்கீங்க" என்று அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார்.

டீச்சர் மடியிலிருந்த பையைத் திறந்தார். ஆஸ்பத்திரி ஃபைல், எக்ஸ்ரே, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் ஆட்டோ சீட்டில் எடுத்து வைத்துவிட்டு, அடியிலிருந்து ஒரு பெரிய நாய் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார். தின்பதற்கு ஆள் இருக்குமா இருக்காதா என்று தெரியாமலே சென்னையில் வாங்கி, யார் கண்ணிலும் படாமல் அடியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். பிரித்து ஒன்றை எடுத்து மோட்டுவுக்கு நீட்டினார்.

மோட்டு அதை முகர்ந்து பார்த்தான். சுத்த சைவம் போலிருக்கிறது. டீச்சரின் முகத்தைப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, மரியாதைக்காக வாங்கிக் கடித்துத் தின்றான்.